வீட்டுக்கு ஒரு மாத்திரை

நூற்று நாற்பத்தெட்டு. கைப்பேசியில் அந்த எண் வந்து விழுந்தபோது அக்கா நாலாம் மாடி வீட்டுச் சோபாவுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, ஒரு பெரியம்மாவின் முழங்கை மடிப்பில் இடது கை ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ரத்தக்குழாயைத் தேடும்போது அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார். ரப்பர் பட்டை இறுகியிருந்தது. மருமகள் கதவோரம் நின்று கொட்டாவி விட்டாள். விரல் மெல்ல நகர்ந்தது, நின்றது, ஓர் அமுக்கு அமுக்கியது.

"ஒளிஞ்சுக்கிட்டாரு. இருங்க, வெளிய வரச் சொல்றேன்."

பெரியம்மா சிரித்து முடிப்பதற்குள் ஊசி போய், டியூப் நிரம்பி, பஞ்சும் வைத்தாகிவிட்டது.

"அவ்ளோதானா?"

"ஏன், இன்னும் கொஞ்சம் எடுக்கவா? பெட்டியில இடம் இருக்கு."

அப்புறம்தான் கைப்பேசியைப் பார்த்தார். லேப் ஊழியர்களுக்கென்று நடத்திய பரிசோதனையின் முடிவு. பி-12 வைட்டமின் இருநூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம்; அவருக்கு நூற்று நாற்பத்தெட்டு. ஊரார் ரத்தத்தை இருபது வருடமாகப் பெட்டியில் சுமந்துபோய்க் கொடுத்தவருடைய ரத்தத்தை லேப் எடுத்துப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"எனக்கும் குறைச்சலாம்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மருமகளின் கொட்டாவி பாதியில் நின்றது. "அய்யய்யோ, உங்களுக்கா? மொதல்ல எழுந்து உக்காருங்க. கால் எரியுமே, எரியுதா?"

அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு நாலு வருடமாக வருகிறார். சோபா இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதுதான் அவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி, நடையில் எப்போதும் ஒரு ஓட்டம். தோளில் நீலப் பெட்டி, உள்ளே பனிக்கட்டிப் பைகள். சட்டைப்பையில் வாயு மாத்திரை. விடியுமுன் வெறும் வயிற்றோடு கிளம்புகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. அதைப் பல வருடமாக விழுங்கியதும்தான் பி-12 உடம்பில் ஒட்டாமல் போனதற்கு ஒரு காரணம் என்று பிற்பாடு லேப் டாக்டரம்மா சொன்னார்.

'கொசு அக்கா' என்றால்தான் நாலைந்து தெருவுக்குத் தெரியும். பெயர் வைத்தது ஒரு சிறுமி. கதவைத் திறந்தவள் உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்: "அம்மா, கொசு வந்திருக்கு!" அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, அப்பா செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். அக்காதான் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாளிலிருந்து அடுக்குமாடிக் காவலாளிகளிடம் அவரே, "கொசு வந்திருக்குன்னு போன் போடுங்க," என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரைக் கேட்டு யாரும் வைக்காத பெயர்தான். ஆனாலும் யாரோ மெனக்கெட்டு வைத்த பெயராயிற்றே!

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் நுழையும் வீடுகளில் அந்த நேரத்துக்கு அடுப்பு எரியாது. ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் கடுகடுவென்று கையை நீட்டுவார்கள். பஞ்சை அழுத்திய மறுநிமிடம் வீடு மொத்தமும் காபிக்குப் பாயும். அக்கா பெட்டியோடு படியில் இறங்கிக்கொண்டிருப்பார், ரத்தம் சூடாகுமுன் லேப்புக்குப் போயாக வேண்டும். காபி மணம் மட்டும் இரண்டு மாடி வரை கூடவே வந்து வழியனுப்பும். எத்தனையோ வீடுகளின் படுக்கையறை வரை போயிருக்கிறார். ஒரு வீட்டுத் தம்ளர் கூட எந்த நிறமென்று தெரியாது.

பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் இருக்கிற பகல்தான் பெரியது. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். கணவர் போய்ப் பல வருடமாகிறது. செத்துப்போகவில்லை, போய்விட்டார், அவ்வளவுதான். தம்பி ஒருவன் இருக்கிறான். அவ்வப்போது கூப்பிடுவான்.

"அக்கா, நல்லா இருக்கியா? இவளோட தைராய்டு ரிப்போர்ட் வந்திருச்சா?"

இரண்டு கேள்விக்கும் நடுவில் பதில் சொல்ல இடம் இருக்காது. அக்கா இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். சீட்டில் இருந்தது அவ்வளவுதான். சில வாரங்களிலேயே பாத எரிச்சல் அடங்கியது, படியேறும்போது மூச்சு வாங்குவதும் குறைந்தது. கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அக்காவுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்திருந்தது. அதுவரை வீடுகளில் அவர் பேச்சு, "கையை நீட்டுங்க, மூடிக்குங்க, விடுங்க," என்பதோடு சரி. இப்போது பட்டையைக் கட்டிக்கொண்டே, "எனக்கும் பி-12 குறைச்சல்தாங்க," என்று ஆரம்பித்தால் போதும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற வீடு சட்டென்று விழித்துக்கொள்ளும். எல்லோர் வீட்டிலும் ஒரு குறைச்சல் இருந்தது. எல்லோரிடமும் அதற்கு ஒரு மாத்திரை இருந்தது.

ட்யூஷன் டீச்சர் ஒரு புது மாத்திரை அட்டையையே எடுத்து நீட்டினார். "எனக்கு ரெண்டு மாசத்துல கை மதமதப்பு போயிடுச்சு. வெட்கப்படாம வாங்கிக்குங்க." நாலாம் மாடி மருமகள் முடி கொட்டாமலிருக்க வாங்கியதில் பாதியைக் கொடுத்தாள். உடற்பயிற்சிக்கூடத்தில் வேலை செய்யும் பையன் ஒருவன், அக்காவுக்கு 'ஜிம் தம்பி', தன் புஜத்தைத் தட்டிக் காட்டி, "அக்கா, இதுதான் ரகசியம்," என்று மஞ்சள் மாத்திரை ஒரு பிடி அள்ளிப் போட்டான். "எனக்கு எதுக்குப்பா புஜம்?" "பெட்டி தூக்கறீங்கள்ல!"

தீரத் தீர மறுபடி கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தார். சொன்னால் நீட்டியவர் முகம் வாடும். தவிர, வைட்டமின்தானே. அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். பல வீடுகளில் அவரே பெரிய மனுஷி மாதிரி சொல்லியும் இருக்கிறார்.

லேப்பில் சிறுநீர் மாதிரிக்காகக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள், புத்தம் புதியவை, அவரிடம் சில இருந்தன. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அவற்றில் போட்டுவைத்தார். நோயாளி பெயர் எழுதும் இடத்தில் கொடுத்தவர் பெயர்: டீச்சர், நாலாம் மாடி, ஜிம் தம்பி. காலையில் வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பா டப்பாவாகத் திறப்பார். "வாங்க டீச்சர்," என்று ஒன்று. "ஏம்மா, மாமியாருக்கு சக்கரை குறைஞ்சுதா?" என்று ஒன்று. தண்ணீர்க் குழாய்ச் சுவருக்கு இது தினசரிக் காட்சி.

கண்டக்டர் மாத்திரைக்கு மட்டும் டப்பா கிடையாது. அதை அங்கேயே விழுங்க வேண்டும்.

கண்டக்டர் என்பவர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், ஏறுகிறவர் இறங்குகிறவர் யாரென்று பார்க்கிற பழக்கம் போகவில்லை. இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் வாரா வாரம் பரிசோதனை. அக்காவின் வட்டாரத்தில் பட்டினி தேவையில்லாத ஒரே வீடு அதுதான்; ஆனால் அந்த அடுப்பு மனைவி போனதிலிருந்து எரிவதில்லை, சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. தண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை.

பட்டையைக் கட்டியதும், "போலாம் ரைட்!" என்பார். ஊசியை எடுத்ததும், "இறங்கறவங்க இறங்குங்க." பிறகு அலமாரியிலிருந்து தன் நரம்பு மாத்திரையை எடுத்து, தனக்கொன்று வைத்துக்கொண்டு அக்காவுக்கு ஒன்று நீட்டுவார்.

"எனக்குத்தான் டாக்டரம்மா குடுத்திருக்காங்களே."

"உங்க டாக்டர் குடுத்தது உங்களுக்கு. இது என் பஸ்ஸு. ஏறினா டிக்கெட் வாங்கித்தான் ஆகணும்."

இரண்டு தம்ளர் தண்ணீர், இரண்டு மாத்திரை. இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து குடிப்பார்கள். அப்புறம் கண்டக்டர் கொஞ்சம் பேசுவார், பெரும்பாலும் பிரேக் பிடிக்காமல் போன ஒரு மழைநாளைப் பற்றி. அக்கா பெட்டியின் பனிக்கட்டி உருகுவதைக் கணக்கில் கொண்டு கேட்பார். போகும்போது மறுநாளிலிருந்து அந்த வாரத்துக்கான மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவார். அதையும் அக்கா டப்பாவில் போடுவதில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

மூன்று மாதம் வந்தது. மறுபரிசோதனைக்கு அக்கா போகவில்லை. டாக்டரம்மா ஞாபகப்படுத்தினால், "நாளைக்கு மேடம்," என்பார். லேப்பிலேயே வேலை, கையிலேயே ஊசி, நாளைக்கு மட்டும் வரவேயில்லை.

எரிச்சல் திரும்பி வந்தபோது முதலில் பாதத்தில்தான் வந்தது. பிறகு விரல் நுனிகளில் ஒரு மரமரப்பு, ஈரக் கையுறை போட்டுக்கொண்ட மாதிரி. குறைச்சல் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தார். டீச்சர் கொடுத்த மாத்திரையை இரண்டாக்கினார். ஜிம் தம்பியுடையதையும் இரண்டாக்கினார். மரமரப்பு விரலின் இரண்டாவது கணு வரை ஏறியது. சாவியை எடுக்கப் பைக்குள் கைவிட்டால், எது சாவி எது சில்லறை என்று வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஊசி போடும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். யாரும் கவனிக்கவில்லை.

கண்டக்டர் கவனித்தார். "என்னம்மா, இன்னிக்கு லைட் போட்டு ஓட்டறீங்க?"

அன்றைக்குத்தான் தவறியது. ரத்தக்குழாய் இருப்பதாக விரல் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது குத்து. மூன்றாவதில்தான் ரத்தம் வந்தது. கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரோடு சரியில்ல, வண்டி என்ன பண்ணும்," என்றார். அக்கா பஞ்சை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு வழக்கம்போல இரண்டு தம்ளர் தண்ணீர்.

அடுத்த வாரம் கண்டக்டர் முழுக்கைச் சட்டையில் இருந்தார். மற்றக் கையை நீட்டினார்.

"எப்பவும் அந்தக் கைதானே குடுப்பீங்க?"

"அதுக்கு லீவு."

பேச்சை மாற்ற, ஊசிக்கு முன்னாலேயே தம்ளரை எடுக்க எழுந்தபோது மற்றதன் சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கை மடிப்பில் தொடங்கி மணிக்கட்டை எட்டும் அளவுக்குக் கரும் ஊதா, ஓரங்களில் பச்சையும் மஞ்சளும். ரத்தம் உறையாத உடம்பில் மூன்று குத்து அப்படித்தான் பரவும். அக்காவுக்குத் தெரியாததல்ல.

"லேப்புக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களை மாத்திடுவாங்க." அவர் மாத்திரையைத் தேடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "புதுசா வர்றவனுக்கு என் பஸ் ரூட் எல்லாம் தெரியாது."

அன்று அக்கா எந்தக் கையிலும் ஊசி போடவில்லை. "பெட்டியில ஊசி தீர்ந்துடுச்சு," என்று பொய் சொல்லிவிட்டு இறங்கி, லேப்புக்குப் போன் செய்து அன்றைக்கு மட்டும் வேறு ஆளை அந்த வீட்டுக்கு வரச் செய்தார். அறைக்குப் போய் டப்பாக்களையும் தலையணைப் பக்கத்துக் காகிதப் பொட்டலத்தையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்.

மேசை மேல் வரிசையாக வந்து உட்கார்ந்த சிறுநீர் டப்பாக்களைப் பார்த்து டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யாரோடதுக்கா இதெல்லாம்? இங்க ஏன் கொண்டாறீங்க?"

"என்னோடதுதான் மேடம். தெறந்து பாருங்க."

டாக்டரம்மா ஒன்றைத் திறந்தார். "இது என்ன?"

"அது டீச்சருங்க."

"மாத்திரை பேரைக் கேட்டேன்."

"டீச்சர் மாத்திரை." அக்கா அடுத்ததைக் காட்டினார். "இது ஜிம் தம்பி. இது நாலாம் மாடி, முடிக்கு. இதோ, காகிதத்துல இருக்கிறது கண்டக்டர்."

"எல்லாம் தினமுமா?"

"வைட்டமின்தானே மேடம். அதிகமானா யூரின்ல போயிடும்ல?"

"எந்த மேதாவி சொன்னது?"

"நான்தான். எல்லா வீட்டுலயும் சொல்லிட்டிருக்கேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் போயும் விட்டது. மருந்தின் பேர் அச்சடித்த அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்த அட்டைகளை அக்கா அன்றன்றே எறிந்திருந்தார், மீதி அவரவர் வீட்டில். அக்கா அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அதுவரை அந்த எண்களுக்கு, 'நாளைக் காலை ஆறு மணி, வெறும் வயிறு,' என்று சொல்ல மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். "ஐயோ, நாளைக்கா? நான் இப்பதானே சாப்பிட்டேன்," என்றார் டீச்சர். "அக்கா, எனக்கு டெஸ்ட் எதுவும் இல்லையே?" என்றான் ஜிம் தம்பி. ரத்தத்துக்காக இல்லை என்று புரியவைக்க ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அட்டைகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

டாக்டரம்மா பெரிதாக்கிப் படித்தார். "பேரு வேற, கலர் வேற. உள்ள எல்லாத்துலயும் பி-6 இருக்கு. இந்த மூணுல ரொம்ப அதிகமா இருக்கு. ஒண்ணு சாப்பிட்டா மருந்து. இப்படி எல்லாத்தையும் சேத்து மாசக்கணக்குல போட்டா, எந்த நரம்புக்காகச் சாப்பிடறோமோ அதையே அது சுட்டுடும்க்கா. மரத்துப்போகும், எரியும். நீங்க குறைச்சல்னு நெனச்சு இன்னும் போட்டிருக்கீங்க."

"பி-12?"

அந்த ரத்தத்தை டாக்டரம்மாவே எடுத்தார். மறுநாள் முடிவு வந்தது. "அது எப்பவோ ஏறியாச்சு. நான் குடுத்த ஒரு மாத்திரையே போதுமா இருந்திருக்கு. மூணு மாசத்துல வந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே? கூப்பிடக் கூப்பிட ஏன் வரல?"

அக்கா டப்பா ஒன்றின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகு சரியாகப் பிடித்ததா என்று விரலுக்குத் தெரியவில்லை, குனிந்து பார்த்தார்.

"வந்தா, சரியாயிடுச்சுன்னு சொல்லிடுவீங்கன்னுதான் மேடம்."

டாக்டரம்மா மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். எழுதிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். மற்றதெல்லாம் இன்றோடு நிறுத்தம். பி-12 மட்டும், அதுவும் அளவைக் குறைத்து. வாயு மாத்திரை வேண்டுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இனி யார் எதைக் கொடுத்தாலும் அட்டையோடு இங்கே வந்து காட்டிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். பிறகு, குரலைத் தாழ்த்தி: "விரல் சரியாகற வரைக்கும் ஊசியைத் தொடக் கூடாது. லேப்ல உக்காந்து லேபிள் ஒட்டுங்க."

"எப்ப சரியாகும்?"

"மாசக்கணக்காகும். பெரும்பாலும் திரும்பிடும். முழுசா வருமான்னு இப்பவே வாக்குக் குடுக்க முடியாது."

"அப்ப வீடுங்க?"

"வேற ஆள் போவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மூன்று மாடி ஏறினார். தோளில் பெட்டி இல்லாததால் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுவது என்று உடம்புக்குப் புரியவில்லை. கதவு திறந்தே இருந்தது. கண்டக்டர் அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டிவிட்டார். பிறகுதான் பெட்டியைத் தேடினார்.

"என்னம்மா, வெறும் கையோட?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கண்டக்டர் கேட்டுக்கொண்டே அலமாரிப் பக்கம் பார்த்தார். அதிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நான் ஒண்ணு நீட்டிட்டே இருந்தேன். உங்க கையை நானே கெடுத்துட்டேனா?"

"உங்க கையை நான் கெடுக்கலையா? சரியாப் போச்சு, விடுங்க."

"எனக்கு டாக்டர் எழுதினது. நான் சாப்பிடலாமா?"

"நீங்க ஒண்ணுதான் சாப்பிடறீங்க. அதை உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. யாருக்கும் குடுக்காதீங்க."

"வேற யாருக்குக் குடுக்கப் போறேன்!"

கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. ஊதா வெளிறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, சுருட்டிய சட்டைக் கையை மெல்லப் பிரித்து மணிக்கட்டு வரை இறக்கினார். பொத்தானைப் பிடித்துத் துளைக்குள் தள்ளப் பார்த்தார். நழுவியது. இன்னொரு முறை. விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஏதோ ஒரு துணி இருப்பதுபோல் இருந்தது. கண்டக்டர் தானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. கையை ஆட்டாமல், ஊசிக்குக் காட்டுகிற மாதிரி, நீட்டியே வைத்திருந்தார். அக்கா தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டுக்கு வேறு ஆள் வருவார்.